தட்டு நின்றால்

அங்கே போய் நீ வாயைத் திறந்தால் அப்புறம் நான் உன்னோடு பேச மாட்டேன் என்று, காரில் ஏறும்போதே என் மகள் ஷோபனாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் வண்டியை எடுக்காமல் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தாள். அங்கே அவள் அப்பா, என் வீட்டுக்காரர் துலுக்கானம், புது வேட்டியும் நெற்றியில் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டிருந்தேன். போடும்போது என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ யாரு ஊட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசினதில்லை. சிரித்து வைத்தேன். பிறகு சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"நாகேந்திரன் அண்ணன்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாம்மா. ஒரு சேஃப்டிக்கு" என்றாள் ஷோபனா.

"கதை பேசறதுக்கு இன்னாடி சேஃப்டி? சொன்னியின்னா அல்லாரும் அவர கொயந்தயாட்டம் பாப்பாங்க. கைய புடிச்சி குந்த வெப்பாங்க. நாலு பேரு எதிர்ல பெத்த அப்பன் மானத்த நீயே வாங்காத."

மகள் வண்டியை எடுத்தாள். கார் அயனம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டியது. "அத்தினி தண்ணி கீது. ஆனா லோடு ஏத்த ஆளக் காணோம்" என்றார் பின்சீட்டுக்காரர். டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, நுழையவும் வேண்டாம். பழகின ஆட்களோடு பேசவிடுங்கள், நல்லது என்றும் அவர்தான் சொன்னார். அதனால்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏகாம்பரம் லாரி சர்வீஸ் என்றால் ஒரு காலத்தில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். எஸ்டேட்டில் வார்ப்படம், குழாய், சைக்கிள் சாமான் எதுவானாலும் ஏகாம்பரம் வண்டியில்தான் ஏறும். கம்பெனிகள் பெரிய பெரிய கன்டெய்னர்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாக விலை போயின. முதலாளியும் போய்ச் சேர்ந்தார். திருமுல்லைவாயில் ஷெட்டை மட்டும் அவர் மகன் நாகேந்திரன் விற்கவில்லை. வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டுபோகிற ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். விடும்போதே ஒரு பேச்சு: ஆயுத பூஜை அன்று காலையில் ஷெட் பழைய ஆட்களுக்கு.

அன்றைக்கு, உயிரோடு இருக்கிற டிரைவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். பார்சல் கம்பெனியின் லாரி ஒன்றைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பழைய டிரைவர் ஒருவர் ஏறி, அதை நசுக்கிக்கொண்டு நாலடி முன்னால் நகர்த்துவார். பூசணிக்காய் உடைப்பார்கள். பொரி கடலை, சாப்பாடு, அப்புறம் வயிறு நிறையப் பழங்கதை. எத்தனையோ வருஷமாக நடக்கிறது. எலுமிச்சம்பழ மரியாதை எப்போதும் பால்ராஜ் அண்ணனுக்குத்தான். அதனால் என் வீட்டுக்காரரை ஏறச் சொல்வார்கள் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பால்ராஜ் அண்ணன் என் வீட்டுக்காரரோடு ஒரே நாளில் ஏகாம்பரத்திடம் வேலைக்குச் சேர்ந்தவர். போன ஆயுத பூஜை முடிந்த கையோடு சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நாங்கள் போனபோது ஷெட்டின் கோடியில், லோடு ஏற்றும் மேடையை ஒட்டி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மேடை நெஞ்சு உயரம் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் சுவர். ஒரு லாரி பின்னால் வந்து நுழைய மட்டும் நடுவில் இடம். அந்த இடுக்கில்தான் காற்று வரும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்.

"வா மாமே! இன்னா, கல்யாணத்துக்கு வந்தாப்ல கீற?" என்று பால்ராஜ் அண்ணன் கைத்தடியைத் தூக்கிக் காட்டினார்.

"உனக்கு ஒரு காலு போனா எனக்கு ஒரு கவல போச்சி. இனிமே ஓவர்டேக் பண்ண மாட்ட" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் இட்லியை எதில் தொட்டுச் சாப்பிடுவது என்று தெரியாமல் தண்ணீரில் தொட்ட மனுஷன், அங்கே போனதும் ஆளே மாறிவிட்டார். எந்த வளைவில் யார் வண்டி குடை சாய்ந்தது, எந்தச் செக்போஸ்ட்டில் யார் பாட்டுப் பாடித் தப்பித்தார்கள், எல்லாம் மணிமணியாக வருகிறது. ஷோபனாவைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தாயா என்று என் கண்ணாலேயே கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் பால்ராஜ் அண்ணன் எப்போதும் சொல்கிற கதையை எடுத்தார்.

"இவன் பேரு வெறும் துலுக்கானம் இல்ல, தட்டு துலுக்கானம். ரிவர்ஸ்ல வரச்ச கிளீனரு வண்டிய தட்டிக்கினே வரணும், மூக்கு சிந்தறதுக்குக் கைய எடுத்தாக்கூட வண்டி நின்னுடும். எறங்கி, கீய குனிஞ்சி பாத்துட்டு, அப்பால ஏறுவான். ஒரு கோடவுன்ல வண்டி வுட அர நாளு ஆக்குவான்!"

சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. பால்ராஜ் அண்ணனும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அந்தத் தட்டுக்குக் காரணம் என் தம்பி சேகர். ஞானசேகரன் என்று பெயர். என் வீட்டுக்காரர் வண்டியில்தான் கிளீனராக இருந்தான். அவரை மாமா மாமா என்று சுற்றிவருவான். பட்டாபிராமில் ஒரு கோடவுன், மழை, சேறு. இவர் வண்டியைப் பின்னால் எடுக்கிறார், அவன் லாரியின் பாடியைத் தட்டித் தட்டி வழி சொல்கிறான். நடுவில் தட்டு நின்றது. கோடவுன் கதவைத் திறக்கப் போயிருப்பான் என்று இவர் நினைத்தார். இன்னும் கொஞ்சம் பின்னால் விட்டார். அவன் வழுக்கி விழுந்திருந்தான்.

அதற்கப்புறம்தான் ஏகாம்பரம் முதலாளி எல்லா வண்டியிலும் டிரைவர் தலைக்கு மேலே எழுதிவைத்தார்: தட்டு நின்றால் வண்டி நிற்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் வண்டியை நிறுத்தத்தான் பாடியைத் தட்டுவார்கள். எங்கள் கம்பெனியில் தலைகீழ். தட்டிக்கொண்டே இருந்தால் வா, வழி இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் அந்த நொடியே பிரேக். சக்கரத்தடியில் விழுந்தவனால் எப்படித் தட்ட முடியும்? எங்கள் சந்தில் வண்டி விடும்போது கிளீனர் இல்லாவிட்டால் நானே தட்டியிருக்கிறேன்.

சேகரைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. மருமகன்தான் கொன்றான் என்று என் அம்மா சாகிறவரைக்கும் சொன்னாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் திதி அன்று நான் சமையலறையில் அழுவேன், அவர் மொட்டை மாடியில் அழுவார். பிறகு இறங்கி வந்து சாப்பாடு போடச் சொல்வார். இப்படியே காலம் ஓடிவிட்டது.

மைக் கொரகொரவென்றது. நாகேந்திரன் பிடித்திருந்தார்.

"பால்ராஜ் அண்ணனால இந்த வருஷம் ஏற முடியாது. அதனால எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தப்போறது, நம்ம துலுக்கானம் அண்ணன்!"

கைத்தட்டல், விசில், மேளக்காரர்கள் வேறு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஷோபனா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, சொல்லும்மா. இல்லன்னா நான் சொல்றேன்."

அவர் எழுந்து நின்றார். அந்த முகத்தை நான் பார்த்துத் தொலைத்தேனே, அதுதான் தப்பு. எத்தனை மாதமாக அந்த முகத்தில் ஒரு பயம் குடியிருந்தது. எதையோ தொலைத்துவிட்டு எங்கே தொலைத்தோம் என்றும் தெரியாதவர் முகம். அது போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டத்தின் நடுவில் பழைய துலுக்கானம் நடந்து போகிறார். அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, இவருக்குப் புத்தி சரியில்லை என்று மைக்கில் சொல்ல என் நாக்கு எழவில்லை.

"நாலடிதானேடி. நாலடி வந்து நிக்கப்போறாரு" என்றேன். எனக்கே அது ஒரு பேச்சாகத் தெரியவில்லை.

அந்த லாரியை ஓட்டுகிற பையன் வெற்றிச்செல்வன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். "ஸ்டார்ட்லயே கீது பெரியவரே. கிளட்ச்ச மட்டும் மெதுவா உடுங்க, போதும்."

"உங்க தாத்தன் பல்லு வெளக்கச்ச நா பம்பாய்க்குப் போய்ட்டு வந்தவன். தள்ளு நைனா."

சிரித்துக்கொண்டே தள்ளினான். வீட்டில் மூன்று படி ஏறக் கை கேட்கிற மனுஷன் ஒரே தம்மில் ஏறி உட்கார்ந்தார். ஓடிப்போய்க் கதவுப்பக்கம் நின்றேன், ஏதாவது சொல்லலாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்துக் கத்தினார்:

"சேகரு! கட்டைய எட்றா!"

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கச் சொல்கிறார். அங்கே கட்டையும் இல்லை, சேகரும் இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டேன். அவர் இன்றைக்கு ஓட்ட வரவில்லை, அந்தக் காலத்தில் உட்கார்ந்து ஓட்டப் போகிறார்.

"எறங்குய்யா! இந்தா, எறங்கு!" என்று கத்தினேன். மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. புது லாரி, ஏ.சி. போட்ட கேபின். அவர் கை எந்தப் பொத்தானில் பட்டதோ, கண்ணாடி மேலே ஏறி மூடிக்கொண்டது. கதவும் உள்ளே பூட்டிக்கொண்டது.

லாரி முன்னால் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. நாலடி வந்து, ஆடாமல் குலுங்காமல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ பூசணிக்காயை ஓங்கி உடைத்தார்கள், குங்குமம் சிதறியது. எனக்கு உயிர் வந்தது. தேவி, தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பார்சல் கம்பெனிப் பையன்கள் ஆடிக்கொண்டே வந்து, மேளத்துக்குத் தகுந்த மாதிரி லாரியின் தகரப் பெட்டியைத் தட்ட ஆரம்பித்தார்கள். டப் டப் டப் டப்.

லாரியிலிருந்து ரிவர்ஸ் ஒலி கீச் கீச்சென்று வந்தது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

"பெரியவரு வண்டிய எடத்துல கொண்டாந்து வுடறாரு. அதான்யா பழைய ஆளு!" என்று யாரோ சொன்னார்கள். வெற்றிச்செல்வன்கூடச் சிரித்துக்கொண்டுதான் நின்றான். வண்டி முதலில் நின்ற இடத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. மெதுவாக, நூல் பிடித்த மாதிரி, லோடு ஏற்றும் மேடையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. ஏகாம்பரம் வண்டி ஷெட்டுக்கு வந்தால் அந்த மேடையில்தான் சேரும்.

மேடைக்கு முன்னால் பால்ராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா!" என்று ஷோபனாதான் முதலில் அலறினாள்.

அதற்குள் லாரியின் பின்பக்கம் அந்த இடுக்கில் நுழைந்துவிட்டது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைய இடமில்லை. ஷோபனா ஆபீஸ் ரூம் வழியாக ஓடி மேடை மேல் ஏறினாள். மேலேயிருந்து பால்ராஜ் அண்ணன் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். கனத்த உடம்பு. ஒற்றைக் காலால் எம்பினார், நாற்காலி வழுக்கியது, திரும்பவும் அதிலேயே விழுந்தார். வெற்றிச்செல்வன் படியில் தாவி ஏறிக் கதவை இழுத்தான். வரவில்லை. கண்ணாடியில் குத்தினான். உள்ளே அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பக்கக் கண்ணாடிகளை வாழை இலை மறைத்திருந்தது. மறைக்காவிட்டாலும் அவர் கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுக்கிற டிரைவர் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு எடுக்கிறவர்.

"நிறுத்து! நிறுத்து!" என்று கூட்டம் மொத்தமும் லாரிமேல் விழுந்தது. இரண்டு பக்கமும் கையால், செருப்பால், கிடைத்த கட்டையால் அடித்தார்கள். மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு வந்து அடித்தார்கள். பழைய டிரைவர்களும் அடித்தார்கள். நானும் ஓடினேன். இரண்டு உள்ளங்கையாலும் தகரத்தை அடித்தேன். அடி விழ விழ வண்டி தயக்கமே இல்லாமல் வந்தது.

என் உள்ளங்கைக்குத்தான் முதலில் விஷயம் தெரிந்தது. எங்கள் சந்தில் இதே கையால் தட்டி எத்தனை தடவை அவரை வா வா என்று வரவழைத்திருக்கிறேன்! இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அத்தனை பேரும் சேர்ந்து அவரை பால்ராஜ் அண்ணன் மேல் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கையை எடுத்தேன்.

"தட்டாதீங்க! அல்லாரும் கைய எடுங்க! தட்டாதடா, கைய எட்றா!"

யார் கேட்கிறார்கள்? கிழவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வெற்றிச்செல்வன் கீழே குதித்து ஒரு இரும்புத் தடியால் பெட்டியை அடித்துக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்தேன்.

"வுடு ஆயா! தட்டலன்னா அவருக்கு எப்டி தெரியும்?" என்று உதறினான். அவன் சொல்வதுதான் உலக நியாயம். விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் இல்லை. அவன் கையைக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். தடியைப் போட்டுவிட்டான்.

"தம்பி! நாகேந்திரா! உங்கப்பா எயுதி வெச்சது! தட்டு நின்னாத்தான் வண்டி நிக்கும்!"

நாகேந்திரன் ஒரு கணம் விழித்தார். அப்புறம் அவர் முகம் வெளுத்தது. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"யாரும் தட்டாதீங்க! கைய எடுங்க, அப்படியே நில்லுங்க! தட்டாதீங்க!"

மைக்குக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை. ஒவ்வொரு கையாக விலகியது. பழைய டிரைவர்கள் முதலில் எடுத்தார்கள், நெருப்பைத் தொட்ட மாதிரி. அவர்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பையன்களும் எடுத்தார்கள். ஷெட் அடங்கியது.

ஆனால் வண்டி நிற்கவில்லை. ஒரு தட்டு மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக்.

சுவரோரத்து இடைவெளியில் முகத்தைப் பதித்துப் பார்த்தேன். பால்ராஜ் அண்ணன்தான். மேடையில் முதுகு ஒட்டிக்கொண்டு, தன் மேல் வருகிற பின்கதவைக் கைத்தடியால் அடித்துக்கொண்டிருந்தார். வாய் கோணியிருந்தது. ஷோபனா மேலேயிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணே! தட்டாதண்ணே! தடிய எடு! தட்டு நின்னா அவரு நிப்பாரு!"

அவர் என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"தட்டு துலுக்கானம்ணே! நீதான சொல்வ! கைய எடுண்ணே, உன் கால்ல வியறேன்!"

நான் என்ன கேட்டேன் என்று பாருங்கள். சாவு கைக்கெட்டும் தூரத்தில் வருகிறது, அதைத் தள்ளுகிற கையை எடு என்கிறேன். உள்ளே உட்கார்ந்திருக்கிறவனை நம்பு என்கிறேன். அவன் காலையில் பெண்டாட்டியையே யாரென்று கேட்டவன் என்பது எனக்குத் தெரியும். பால்ராஜ் அண்ணனுக்குத் தெரியாது. நான்தான் தெரியவிடவில்லை.

பால்ராஜ் அண்ணன் தடியை மடியில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

ரிவர்ஸ் ஒலி மட்டும் கீச் கீச்சென்றது. வண்டி இன்னும் கொஞ்சம் வந்தது. என் தம்பியை நினைத்தேன். அன்றைக்கும் இப்படித்தான் இன்னும் கொஞ்சம் வந்திருக்கும். நிறுத்துய்யா, நிறுத்துய்யா என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். சத்தமாகச் சொல்லப் பயமாக இருந்தது.

புஸ்ஸென்று காற்று பிரேக் விழுந்தது. லாரி அப்படியே நின்றது. பின் பம்பர் பால்ராஜ் அண்ணன் முழங்காலில் வேட்டித் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சின் அணைந்தது. கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூட்டத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேராக இடுக்கின் வாய்வரை வந்து, கையை ஊன்றி மண்டிபோட்டு, தலையைத் தரையில் சாய்த்து வண்டிக்கடியில் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். புது வேட்டியெல்லாம் குங்குமத் தண்ணீர். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"அஞ்சல" என்றார்.

என் பெயர். எத்தனை நாளாயிற்று, அதை அவர் வாயால் கேட்டு!

"கீய யாரும் இல்ல, அஞ்சல. தட்டு நின்னுச்சி, நா நிப்பாட்டிட்டேன். இந்த தபா நிப்பாட்டிட்டேன். பாத்தியா?"

"பாத்தேன்யா" என்றேன். "ஒடனே நிப்பாட்டின. நல்லா நிப்பாட்டின."

அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தனை பேர் பார்க்க. மானம் போனால் போகிறது என்று நானும் பிடித்துக்கொண்டேன். அவர் தோளுக்கு மேலாக நாகேந்திரனைப் பார்த்து உரக்கவே சொன்னேன். "இவருக்கு ஞாபகம் போய்ட்டிச்சி தம்பி. காலீல என்னயே யாருன்னு கேட்டாரு. எம்பொண்ணு சொல்லலாம்னு சொல்லிச்சி. நான்தான் வோணாம்னுட்டேன்."

நாகேந்திரன் மைக்கைக் கீழே வைத்தார். வெற்றிச்செல்வன் கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே போய், ஆபீஸ் ரூமில் இருந்த மாற்றுச் சாவியைப் போட்டு வண்டியை முன்னால் எடுத்தான். பால்ராஜ் அண்ணனைத் தூக்கி மேடைமேல் உட்கார வைத்தார்கள். தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. "மறந்தது மறந்துட்டுப் போறான். பிரேக்க மறக்கல பாரு" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆகட்டும்.

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பக்கமும் தேடினார்.

"சேகரு எங்க?"

ஷோபனா என்னைப் பார்த்தாள். தாய்மாமனை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"டீ குடிக்கப் போயிக்கிறான்" என்றேன்.

"சொல்ட்டுப் போறானா பாரு, கஸ்மாலம். வரட்டும், காதத் திருகறேன்." அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினார். "இத நீ வெச்சிக்க. அவன் வராம இனிமே நா வண்டிய தொட மாட்டேன். யாரு கேட்டாலும் குடுக்காத."

"குடுக்க மாட்டேன்யா."

வெற்றிச்செல்வனின் சாவியை அப்புறம் அவர் பார்க்காதபோது கொடுத்து அனுப்பினேன். அவர் மேடையின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, கேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். யாரோ பொரிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரித்து, இரண்டு கைப்பிடி எடுத்து, காகிதத்தில் தனியாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். "அவனுக்கு" என்றார்.

அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். நடுவில் அந்தப் பொட்டலம் இருந்தது. சேகர் போன நாளிலிருந்து அவனுக்காக நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். வரட்டும், அவனும் வந்துவிடட்டும் என்றார் அவர். நானும் ஆமாம் என்றேன்.